13-0: நாளை நம்மை எங்கே அனுப்புவார்கள்? பாசடீனாவா, நியூ ஆர்லியன்ஸா, மயாமியா?

கிழக்கு கேலரி | டிசம்பர் 2, 2023, சனி இரவு 11:58

சார்லட்டில் ஆட்டம் இப்போதுதான் முடிந்தது, கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால். லூயிவில்லை 16-6 என்று வென்று நம் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) ஏசிசி பட்டத்தை எடுத்துவிட்டோம். நம் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-லும் வெற்றி. நாளை நண்பகல் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு நாட்டின் முதல் நான்கு அணிகளை அறிவிக்கும். அந்த நான்கும் ஜனவரி 1 அன்று அரையிறுதி ஆடும். ஓர் ஆட்டம் பாசடீனாவில், ரோஸ் பவுல். மற்றது நியூ ஆர்லியன்ஸில், சுகர் பவுல்.

என் கணக்கைச் சொல்கிறேன். மிச்சிகன் இன்று அயோவாவை 26-0 என்று துடைத்துப் போட்டது, முதலிடம் அதற்குத்தான். வாஷிங்டன் நேற்று ஆரிகனை 34-31 என்று வென்று அதுவும் 13-0, இரண்டாமிடம். முதலிடத்து அணிக்குத் தோதான மைதானத்தைக் கொடுப்பது முறை. மிச்சிகனுக்கு ரோஸ் பவுல் தாய்வீடு மாதிரி. ஆக, நமக்கு மூன்றாமிடம் கிடைத்தால் நியூ ஆர்லியன்ஸில் வாஷிங்டனோடு மோதுவோம். நான்காமிடம் என்றால் பாசடீனாவில் மிச்சிகனோடு.

எனக்குப் பாசடீனாதான் வேண்டும். 2014 ஜனவரி 6 அன்று ஆபர்னை 34-31 என்று வென்று கடைசியாக நாம் தேசியப் பட்டம் வாங்கிய மைதானம் அது. உங்கள் கணிப்பு என்ன?

ஐ-10 பயணி | ஞாயிறு 12:11

எனக்கு நியூ ஆர்லியன்ஸ். நம் பல்கலைக்கழக ஊரான டல்லஹாசியில் ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறினால் வண்டியைத் திருப்பவே வேண்டாம், ஆறு மணி நேரத்தில் சுகர் பவுல் நடக்கும் சூப்பர்டோம். அதே சாலை அப்படியே மேற்கே போய் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்தான் முடிகிறது என்பதும் தெரியும். ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாசடீனாவுக்குக் காரில் போக முடியாது, விமானத்துக்கு நான்கு டிக்கெட் எடுக்க என் சம்பளம் இடம் தராது. திருப்பிக் கொடுக்கக்கூடிய அறை ஒன்றை நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

பழைய மாணவன் | 12:19

இருவரும் மன்னிக்க வேண்டும். நாம் போகப்போவது மயாமிக்கு. டிசம்பர் 30, பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஆரஞ்சு பவுல், எதிரே ஜார்ஜியா.

கிழக்கு கேலரி | 12:22

பட்டம் வாங்கிய இரவில் ஏன் ஐயா இப்படி வாய் வைக்கிறீர்கள்? நான்கு அணிகளை வைத்துப் பட்டத்தைத் தீர்மானிக்கும் இந்த பிளே-ஆஃப் முறை 2014-இல் வந்தது. ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற அணியை இதுவரை ஒருமுறைகூட வெளியே நிறுத்தியதில்லை. நாம் போன வாரமே நான்காமிடத்தில் இருந்தோம். முதலிடத்து ஜார்ஜியா இன்று தோற்றது, நாம் வென்றோம். வென்றவனைக் கீழே இறக்குவது எந்த ஊர் நியாயம்?

பழைய மாணவன் | 12:41

நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடக்கும் என்று சொல்கிறேன்.

இன்று மாலை அட்லாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். 29 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத ஜார்ஜியாவை அலபாமா 27-24 என்று சாய்த்துவிட்டது. இந்தப் பத்தாண்டில் இவ்விரண்டும் இருக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸின் அணி ஒன்றுகூட இல்லாத பிளே-ஆஃப் நடந்ததே கிடையாது. ஆகவே அலபாமாவை உள்ளே கொண்டுவர வழி தேடுவார்கள். ஆனால் செப்டம்பரில் டெக்சாஸ் அலபாமாவின் சொந்த மண்ணிலேயே போய் 34-24 என்று வென்றிருக்கிறது. இரண்டு அணிக்கும் தலா ஒரு தோல்விதான். அலபாமாவை உள்ளே விட்டால் டெக்சாஸை வாசலில் நிறுத்த முடியாது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. எண்ணிப் பாருங்கள், நாற்காலி தீர்ந்துவிட்டது.

விதியும் அவர்களுக்குக் கை கொடுக்கிறது. முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் இல்லாதது அணியின் ஆட்டத்தைப் பாதித்திருந்தாலும், இனிமேல் பாதிக்கும் என்று தோன்றினாலும் அதைக் குழு கணக்கில் எடுக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அந்த வரிதான் என் கண்முன் நிற்கிறது.

ஆஸ்டின் இரவு | 12:48

டெக்சாஸ் ஆள் பேசுகிறேன். இன்று ஓக்லஹோமா ஸ்டேட்டை 49-21 என்று வென்றோம். எங்களுக்கு நீங்கள் உள்ளே வருவதில் எந்த மறுப்பும் இல்லை. எங்களிடம் தோற்ற அணி எங்களுக்கு மேலே உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

பர்மிங்ஹாம்வாசி | 1:05

அலபாமா ரசிகன் நான். கோபப்படாமல் கேளுங்கள். குழுவுக்குச் சொல்லப்பட்ட வேலை சிறந்த நான்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பது. இன்றைய உங்கள் அணியும் எங்கள் அணியும் நாளை நடுநிலை மைதானத்தில் மோதினால் யார் வெல்வார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்கள் மூன்றாவது குவார்ட்டர்பேக், முதலாண்டு மாணவர் பிராக் க்ளென், இன்று 21 முறை வீசி 8 தான் சேர்ந்தது. மொத்தம் 55 யார்டு. அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, முதல்முறையாகக் களத்தில் தொடங்கிய ஆட்டமே பட்டத்துக்கான ஆட்டமாக அமைந்துவிட்டது. ஆனால் அதை வைத்து மிச்சிகன் தடுப்பை உடைக்க முடியுமா?

கிழக்கு கேலரி | 1:33

நெஞ்சைத் தொட்டே சொல்கிறேன்.

நவம்பர் 18 அன்று எங்கள் டோக் கேம்பல் மைதானத்தில் நான் இருந்தேன். வடக்கு அலபாமா என்ற சிறிய அணி. முதல் கால்பகுதியில் டிராவிஸ் பந்தோடு ஓடினார், பின்னாலிருந்து ஒருவர் பிடித்து இழுத்தார், இடது கால் உடம்புக்கு அடியில் சிக்கியது. பத்து விநாடி முன்பு வரை போர்ப்பாட்டு முழங்கிக்கொண்டிருந்த இடம். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்த மொத்த அணியும் களத்துக்குள் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 13-0 என்று பின்தங்கினோம். பிறகு என்ன ஆயிற்று? 58-13 என்று வென்றோம், அவர் இல்லாமல்.

அடுத்த வாரம் கெயின்ஸ்வில்லில் ஃபுளோரிடாவிடம் 12-0 என்று பின்தங்கி, 24-15 என்று வென்றோம், அவர் இல்லாமல். ட்ரே பென்சன் மூன்று டச் டவுன் போட்டார். அந்த ஆட்டத்தில் எங்கள் இரண்டாவது குவார்ட்டர்பேக் ரோட்மேக்கருக்கும் தலையில் அடி. இன்று மூன்றாமவரை வைத்து ஆடி வென்றோம். லூயிவில் மொத்தமாக எடுத்ததே 188 யார்டு. அவர்களுடைய குவார்ட்டர்பேக்கை ஏழு முறை பந்தோடு தரையில் சாய்த்தோம். தடுப்பும் அணியில் சேர்த்திதானே?

உங்களுக்கும் எங்களுக்கும் பொது எதிரி ஒருவர் உண்டு, லூசியானா ஸ்டேட் அணியான எல்எஸ்யு. நாங்கள் ஆர்லாண்டோவில் 45-24 என்று வென்றோம். நீங்கள் சொந்த ஊரில் 42-28. நாங்கள் 21 புள்ளி, நீங்கள் 14.

பர்மிங்ஹாம்வாசி | 1:40

அந்த எல்எஸ்யு ஆட்டத்தில் டிராவிஸ் இருந்தார் நண்பரே. நான் சொல்வதும் அதையேதான்.

ஐ-10 பயணி | 1:52

அப்படியானால் ஒஹையோ ஸ்டேட்டை என்ன செய்வது? 2014-இல் அவர்களும் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்துத்தான் கான்ஃபரன்ஸ் பட்ட ஆட்டம் ஆடினார்கள். குழு நான்காமிடம் கொடுத்தது. அவர் சுகர் பவுலில் உங்கள் அலபாமாவையே 42-35 என்று வென்று, இறுதியில் ஆரிகனையும் 42-20 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். மூன்றாமவர் என்றால் முடியாது என்று யார் சொல்வது?

பழைய மாணவன் | 2:04

தம்பி, அந்த உதாரணத்தை எடுக்காதீர்கள், அது நம்மையே வெட்டும். கார்டேல் ஜோன்ஸ் அன்று விஸ்கான்சினை வென்றது 59-0. குழு பார்த்தது அந்த 59-ஐ. மறக்க வேண்டாம், அன்று மூன்றாமிடத்தில் இருந்த டெக்சாஸின் டிசியு அணி தன் கடைசி ஆட்டத்தை 55-3 என்று வென்றும் ஆறாமிடத்துக்கு இறக்கப்பட்டது. வென்ற அணியை இறக்கமாட்டார்கள் என்று இங்கே சொன்னவர் அதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 2014-இல் நாம் 13-0, நடப்புச் சாம்பியன். அப்போதே ஒரு தோல்வி கண்ட அணிகளுக்குக் கீழே மூன்றாமிடத்தில்தான் வைத்தார்கள். ரோஸ் பவுலில் ஆரிகனிடம் 59-20 என்று உதை வாங்கினோம். அது குழுவில் இருப்பவர்கள் நினைவில் இருக்காது என்றா நினைக்கிறீர்கள்?

கிழக்கு கேலரி | 2:15

ஒன்பது வருடம் முந்தைய ஆட்டத்துக்கு இந்தப் பிள்ளைகள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? அப்போது இவர்களில் பலர் ஆரம்பப் பள்ளியில் இருந்தார்கள்.

டிசியுவுக்கு அன்று ஒரு தோல்வி இருந்தது. கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கென்று தனி ஆட்டமும் இல்லை. நமக்குத் தோல்வி இல்லை, பட்டம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஆஸ்டின் இரவு | 2:21

அலபாமா போன வாரம் ஆபர்னிடம் தப்பியதையும் சொல்லுங்கள். நான்காவது, அதாவது கடைசி முயற்சி, 31 யார்டு தேவை, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அவர்கள் குவார்ட்டர்பேக் மில்ரோ வீசியது ஐசயா பாண்ட் கையில் போய் உட்கார்ந்தது. அந்த ஒரு பந்து நழுவியிருந்தால் இந்தப் பேச்சே கிடையாது.

பர்மிங்ஹாம்வாசி | 2:26

நழுவவில்லையே. பிடித்தோம், வென்றோம். நீங்கள் 13 வெற்றிக்கு மதிப்புக் கேட்டால் அந்த வெற்றிக்கும் மதிப்புக் கொடுங்கள்.

ஐ-10 பயணி | 2:38

இதில் அலபாமாக்காரர் சொல்வது சரி. வெற்றி என்றால் வெற்றிதான். 16-6 ஆனாலும், கடைசி நிமிடத்தில் பிடித்த பந்தானாலும். அந்த அளவுகோலை வைத்தால் அவர்கள் கணக்கு 12-1, நம் கணக்கு 13-0.

இந்த அணி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது. 2021-இல் ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் கடைசி வீச்சில் 20-17 என்று தோற்ற இரவு என் மகனை தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கிங் வரை நடந்தேன். யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த ஆண்டு முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. மைக் நார்வெல் பயிற்சியாளராக வந்த பிறகு 3-6, 5-7, 10-3, இப்போது 13-0. தொடர்ச்சியாக 19 வெற்றி. இவர்கள் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. கட்டப்பட்ட ஒவ்வொரு வேலியையும் தாண்டி வந்திருக்கிறார்கள்.

பழைய மாணவன் | 2:50

தம்பி, நானும் அதே மைதானத்தில் கத்தித் தொண்டை கட்டியவன்தான். உங்களுக்கு எதிராகப் பேசவில்லை. நாளை மதியம் பிள்ளைகள் முன்னால் நீங்கள் உடைந்துபோகக் கூடாதே என்றுதான் இப்போதே சொல்கிறேன்.

ஆரஞ்சு பவுல் என்றால் இன்னொரு கவலையும் இருக்கிறது. ஜாரெட் வெர்ஸ், கியோன் கோல்மன் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகக் காத்திருப்பவர்கள். பட்டம் இல்லாத ஓர் ஆட்டத்துக்கு அவர்கள் ஏன் உடம்பைப் பணயம் வைக்க வேண்டும்? ஜார்ஜியாவுக்கு எதிரே களத்தில் நிற்கப்போவது இந்த அணியாகவே இருக்காது. அதைத்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

கிழக்கு கேலரி | 3:02

ஜனவரி 1-க்கு நான்கு வாரம் இருக்கிறது. ரோட்மேக்கர் திரும்பிவிடுவார். நான் ரோஸ் பவுல் என்ற கணிப்பை மாற்றப்போவதில்லை. நான்காமிடம், மிச்சிகன், சான் கேப்ரியல் மலைமேல் அந்தி வெயில் படும்போது கடைசிக் கால்பகுதி. தூங்கப் போகிறேன்.

ஐ-10 பயணி | டிசம்பர் 3, ஞாயிறு பகல் 12:31

தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். சின்னவள் நம் அணியின் கருஞ்சிவப்புச் சட்டையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள், மாற்ற விடமாட்டேன் என்கிறாள்.

ஆஸ்டின் இரவு | 12:52

மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா.

எங்களுக்கு நியூ ஆர்லியன்ஸ். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களைத் தள்ளிவிட்டு அல்ல, உங்களோடு உள்ளே வர விரும்பினேன்.

ஐ-10 பயணி | 12:58

அணிகள் கூடியிருக்கும் அறையைக் காட்டினார்கள். நம் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் மகன் "அப்பா, நாம எந்த ஆட்டத்தில தோத்தோம்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போய்விட்டேன்.

பழைய மாணவன் | 1:20

ஐந்தாமிடம். ஜார்ஜியா ஆறு. ஆரஞ்சு பவுல். என் கணிப்பு பலித்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. முதல் 11 வாரம் பார்த்த அணி வேறு, இப்போதைய அணி வேறு என்று குழுத் தலைவர் பூ காரிகன் காரணம் சொல்கிறார். அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பர்மிங்ஹாம்வாசி | 1:34

எங்கள் அணி உள்ளே போயிருக்க வேண்டியதுதான் என்று இப்போதும் சொல்வேன். உங்களிடம் ஜெயித்து வாங்கிய இடமில்லை இது என்பதும் எனக்குத் தெரியும்.

கிழக்கு கேலரி | 3:10

டிராவிஸ் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, அப்படியானால் இந்த அணி குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியது அல்ல என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்கிறார். கடைசியில் மன்னிப்பும் கேட்கிறார். வென்றுகொடுத்த பிள்ளை, உடைந்த காலோடு, நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறது.

மயாமிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். யார் ஆடினாலும், யார் ஆடாவிட்டாலும் போகிறேன். ஐ-10 பயணி, நீங்கள் வருவதாக இருந்தால் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பக்கத்து இருக்கைகளைப் பார்க்கிறேன். இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

ஐ-10 பயணி | 3:26

நியூ ஆர்லியன்ஸ் அறையை ரத்து செய்துவிட்டேன். நான்கு இருக்கை பாருங்கள்.