லைவ் ராக்கில் டிக்கெட் எடுக்காமல் வந்த மீன், யார் இவன்?

டாம்பா_தொட்டி:
வணக்கம் நண்பர்களே. ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறேன். 40 கேலன் உப்புநீர்த் தொட்டி, வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. மெக்ஸிகோ வளைகுடாவில் போட்டு வளர்த்த லைவ் ராக், அதாவது கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்த பாறை, 35 பவுண்டு வாங்கினேன், கடல்பஞ்சும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு ஈரம் காயாமல் வந்தது. முதல் வாரமே கறுப்பு நண்டு இரண்டைப் பிடித்து வெளியே எடுத்தேன், சரி, தொல்லை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் பெப்பர்மின்ட் இறால் மூன்று விட்டேன், பத்து நாளில் ஒன்றுகூட மிச்சமில்லை. போன வாரம் ஃபயர்ஃபிஷ் என்ற குட்டி மீனையும் காணோம். துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று சொல்லாதீர்கள், வலை மூடி போட்டிருக்கிறேன், இருந்தும் சோபாவை நகர்த்திப் பார்த்தாயிற்று. பாறைப் பொந்தில் ஒளிந்து வேட்டையாடும் மான்டிஸ் இறால்தான் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்து நேற்று ராத்திரி ஒரு மணிக்கு டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாறைக்கு அடியில் ஒரு தலை! அகலமான சப்பைத் தலை, அதில் பாதி வாய், தாடை ஓரமெல்லாம் கிழிந்த துணி மாதிரி தொங்கல், உடம்பு பழுப்பில் திட்டுத் திட்டாக. என் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். இன்னொன்று: ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் இல்லை, சத்தம் தொட்டியிலிருந்து வருகிறது. படம் போட்டிருக்கிறேன், மங்கல்தான், மன்னிக்கவும்.

பவழப்பித்தன்:
படத்தில் கண்ணாடியில் உங்கள் முகம்தான் நன்றாகத் தெரிகிறது ப்ரோ :) பிளென்னி என்ற சின்னப் பாறை மீனாக இருக்கலாம், கண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி இரண்டு இழை இருக்கிறதா பாருங்கள். அந்த வகையில் பல பாசி சுரண்டித் தின்பவை, விட்டுவிட்டால் நல்லதே செய்யும். மான்டிஸ் இல்லை என்பது நிச்சயம், மான்டிஸும் பிஸ்டல் இறாலும் கண்ணாடியில் கல் பட்டது போல் 'டக்' என்றுதான் பெரும்பாலும் சத்தம் போடும்.

சம்ப்புக்குள்_சங்கு:
பிளென்னி இல்லை. தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள். இறால் காலி, மீன் காலி, தாடையில் தொங்கல், ராத்திரி உறுமல், அதுவும் வளைகுடாப் பாறை. இது டோட்ஃபிஷ், தேரை மூஞ்சிக்காரன். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை மூன்று விஷயம் பாருங்கள். முதுகில் முன்னால் குட்டையாக மூன்றே முள், அதற்குப் பின்னால் வால் வரை நீளமான மெத்துத் துடுப்பு. உடம்பில் செதில் கிடையாது, வழவழப்புதான். வயிற்றுத் துடுப்பு இரண்டும் தொண்டைக்கு அடியில், பக்கத் துடுப்புக்கும் முன்னால் இருக்கும். ஸ்கார்பியன் மீன் குட்டியும் மேலோட்டமாக இப்படித்தான் இருக்கும், ஆனால் அதற்கு முதுகில் வரிசையாகப் பத்துக்கு மேல் முள் இருக்கும், விஷமும் உண்டு. அதனால் எண்ணிப் பார்க்காமல் கையை விடாதீர்கள்.

உங்கள் பக்கத்துக் கடலில் இரண்டு இனம். கரையோரக் கடற்புல்லில் இருப்பது ஓப்சனஸ் பீட்டா. கொஞ்சம் ஆழத்தில், மஞ்சள் கலந்த வெளிர் உடம்பில் கரும்புள்ளியோடு இருப்பது ஓப்சனஸ் பார்டஸ். எதுவானாலும் ஒரு அடி அளவுக்கு வளரும், வாய்க்குள் போவதையெல்லாம் விழுங்கும். சத்தம் தொண்டையிலிருந்து வருவதில்லை, காற்றுப்பையின் இரு பக்கத்துத் தசையும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சுருங்கி விரியும், பறை அடிப்பது மாதிரி. ஓப்சனஸின் முள்ளில் விஷம் கிடையாது, ஆனால் கடி பலமாக விழும்.

பாறையைக் கலைத்துத் தேட வேண்டாம். ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் அரை அடி வெட்டி, ஒரு முனையை மூடியால் அடைத்து, பாறை ஓரமாகப் படுக்க வையுங்கள். பொந்து கிடைத்தால் விடாத ஜாதி, கடலில் காலி டப்பாவுக்குள்ளேயே முட்டையிட்டு ஆண் காவல் இருக்கும். இரண்டு மூன்று நாளில் வீடு மாறிவிடும், குழாயின் வாயைக் கையால் பொத்தி அப்படியே தூக்குங்கள்.

கீழக்கரை_உப்பு:
சங்கு சொல்வது சரி. நம் நாட்டுக் கழிமுகங்களிலும் இதன் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான், அறிவியல் பெயரிலேயே கிரன்னியன்ஸ் என்று வரும், உறுமுகிறவன் என்று அர்த்தம். கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ என்ற ஊரில் படகு வீடுகளில் இருந்தவர்களை ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் ரீங்காரம் போட்டதும் இந்தக் குடும்பத்து மீன்தான், உங்கள் வீட்டம்மா ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. இன்னும் கேட்டால் 1998இல் நாசா இதன் அண்ணன் ஓப்சனஸ் டாவை விண்வெளிக்கே அனுப்பியது, உள்காதின் சமநிலையை ஆராய. உங்கள் ஆள் பாறையில் வந்ததோடு நின்றுவிட்டான்.

டாம்பா_தொட்டி:
ஐயோ, ஒரு அடியா! சரி, குழாய் வைக்கிறேன். பிடித்தால் கடற்கரை இருபது நிமிடம்தான், அங்கேயே விட்டுவிடலாமா? அதன் ஊர்தானே?

சம்ப்புக்குள்_சங்கு:
வேண்டாங்க. ஊர் அதனுடையதுதான், ஆனால் மூன்று மாதம் உங்கள் தொட்டித் தண்ணீரில் இருந்திருக்கிறது, அதில் பசிபிக் மீனும் பவழமும் கொண்டுவந்த நோய்க்கிருமி என்னென்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதாகச் சொல்லப்படும் லயன்ஃபிஷ் ஃபுளோரிடாவைப் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும். சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில் போடுங்கள், அல்லது கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா கேளுங்கள். செத்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், இடம் நெருக்கடியானால் அம்மோனியாவுக்குப் பதில் யூரியாவாகக் கழிவை வெளியேற்றத் தெரிந்த மீன் அது, லேசில் சாகாது.

டாம்பா_தொட்டி:
நான்காம் நாள் காலையில் பார்த்தால் குழாய்க்குள்ளிருந்து தாடி தெரிகிறது. பொத்தித் தூக்கினேன், உள்ளங்கையில் முட்டி முட்டி உறுமினான், அந்த அதிர்வு முழங்கை வரை வந்தது. முள் எண்ணினேன், மூன்றுதான். மஞ்சளில் புள்ளி இல்லை, அதனால் பீட்டா என்று முடிவு செய்திருக்கிறேன். கடைக்காரர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார், குழாயோடு சம்ப்பில் குடிவைத்துவிட்டேன். நேற்று உறைந்த இறால் ஒன்று காட்டினேன், விரலோடு போயிருக்கும். தினமும் போட வேண்டுமா?

சம்ப்புக்குள்_சங்கு:
வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். இடுக்கியில் கொடுங்கள்.