கும்பாபிஷேக வசூல்: குருக்களின் ஒரு நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, வணக்கம்.

நம் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேக வசூல் பற்றி நாலு நாளாக இந்தக் குழுவில் மடல்கள் வந்தபடி இருக்கின்றன. கோபுரத்துக்கு வண்ணம், பிராகாரத்துக்கு கிரானைட், பட்டனைத் தட்டினால் தானே அடிக்கும் மேளம் என்று பட்டியல் நீள்கிறது. குருக்கள் என்ற சொல் ஒரு மடலிலும் இல்லை. வண்ணம் அடித்த மறுநாள் காலையிலிருந்து கோயிலை நடத்தப்போகிறவர் அவர்தான்.

வேலூர்ப் பக்கத்துத் திருவலம் வில்வநாதேசுவரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பது நம் எல்லாருக்கும் தெரியும். காஞ்சனகிரியிலிருந்து அபிஷேகத் தண்ணீர் சுமந்து வந்த அர்ச்சகரைக் கஞ்சன் என்ற அசுரன் வழிமறித்தான், நந்தி போய் அவனைக் கொன்றது, இன்னும் அந்த மலைப் பக்கமே காவல் பார்க்கிறது என்பது தலபுராணம். புராணம் சொன்னவருக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது: பூசைக்காரருக்கு மந்திரத்தைவிடத் தண்ணீர்தான் பாரம். சோளிங்கர் நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படி. 2024இல் ரோப் கார் வரும்வரை நைவேத்தியச் சாமான் முதல் எல்லாம் படியேறித்தான் போனது.

நம் ஊர்க் கோயிலுக்கு வருவோம். பிள்ளையார், மூலவர், அம்பாள், முருகர், தட்சிணாமூர்த்தி, துர்க்கை, நவக்கிரகம், பைரவர், சண்டிகேசுவரர் என்று போட்டால் சந்நிதிக்கு ஒரு குடம், மூலவருக்கு மூன்று, தரை கழுவ இரண்டு. ஒரு குடம் 12 லிட்டர் என்று வைத்தாலும் 150 லிட்டருக்கு மேல், ஈர வேட்டியோடு, வழுக்குகிற கல்லில், குனிந்து நுழைய வேண்டிய வாசலுக்குள். இது சாதாரண நாளுக்கு. மோட்டார் இருக்கிறதே என்பார்கள். குழாய் கிணற்றடி வரைக்கும்தான், கருவறைக்குள் குடம்தான்.

நடை திறந்ததும் முதல் வேலை நிர்மால்யம் களைவது. நேற்றைய பூவை அப்படியே விட்டால் லிங்கத்தின் அடியில் அழுகி எறும்பு சேரும். பிறகு விளக்குத் துலக்கி, திரி மாற்றி, பிள்ளையாரில் தொடங்கிச் சண்டிகேசுவரரில் முடிப்பது. அபிஷேகம் என்றால் எண்ணெய்க்காப்பு, மாவுப்பொடி, மஞ்சள், பஞ்சாமிர்தம், பால், தயிர், இளநீர், சந்தனம், திருநீறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். நேரமில்லை என்று இந்த அலசலைக் குறைக்கும்போதுதான் கெடுதி தொடங்குகிறது. பஞ்சாமிர்தப் பிசுக்கு தண்ணீர் வெளியேறும் கோமுகத்தில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் லிங்கத்தின் பீடமான ஆவுடையார் அடியிலேயே தேங்கும், சிலையைப் பீடத்தோடு ஒட்டிப் பிடிக்கிற அஷ்டபந்தனம் விரியும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் உரலில் இடித்து இடித்து மெழுகாக்கிச் சாத்துகிற மருந்து அது. 12 வருடம் நிற்க வேண்டியது பாதியில் விட்டுப்போனால், லட்சக்கணக்கில் செலவழித்த கும்பாபிஷேகம் தண்ணீரோடு போன மாதிரிதான்.

மடப்பள்ளி ஆள் இல்லாத கோயிலில் சுத்த அன்னமும் அவரே வடிக்க வேண்டும். அரிசி கால் படிதான், ஆனால் அடுப்பு பற்றவைத்துக் காத்திருக்கும் நேரம் கால் படியில்லை. கருவறையில் ஜன்னல் கிடையாது. கடைகளில் 'விளக்கேற்றும் எண்ணெய்' என்று விற்கிற கலப்படச் சரக்கையும் மலிவுக் கற்பூரத்தையும் நாம்தான் வாங்கிக் கொடுக்கிறோம். புகை அவர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும், கரி சுவருக்கும். பிறகு அந்தக் கரியை எடுக்க மணலைப் பீய்ச்சி அடிக்கலாமா என்று இங்கேயே ஒருவர் கேட்கிறார். கூடவே கூடாது; சிற்பத்தின் முகமே போய்விடும்.

இப்போது ஒரு குருக்கள் ஒரு கோயிலோடு இருப்பதில்லை. மூன்று நாலு ஊரை இருசக்கர வண்டியில் சுற்றுகிறார். பிரதோஷம் மாலை 4.30இலிருந்து 6 மணி வரை எல்லா ஊருக்கும் ஒரே நேரம். ஒன்றை முன்னால் இழுத்து, ஒன்றைப் பின்னால் தள்ளித்தான் சமாளிக்கிறார். "நம்ம ஊருக்கு ஏழு மணிக்கு வந்தாரு" என்று குறை எழுதுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். பங்காளி வீட்டில் சாவு என்றால் பத்து நாள் தீட்டு. மாற்றாள் யாராவது வந்துவிட முடியாது. சமயம், விசேடம், நிர்வாணம் என்று தீட்சைகள் முடித்து ஆசாரியாபிஷேகம் ஆனவர்தான் ஊருக்காகக் கோயிலில் செய்கிற பரார்த்த பூசையைத் தொட வேண்டும் என்பது ஆகம முறை. ஆள் கிடைக்காவிட்டால் கதவு பூட்டு. யார் அர்ச்சகர் ஆகலாம் என்ற வழக்கு 1971 சட்டத் திருத்தத்திலிருந்து நடக்கிறது, அதை இங்கே கிளறவில்லை. யார் வந்தாலும் குடம் அதே கனம்தான்.

சர்ச்சுக்குப் போகிற உறவுகள் சிரிப்பார்கள், சபையை நடத்துகிற ஆயர் பாடும் இதேதான். அவர் பொறுப்பில் இருக்கும் குருசேகரத்தில் பல ஊர்ச் சபைகள். ஞாயிறு ஆராதனையை உபதேசியார் நடத்திவிடலாம், திருவிருந்துக்கு ஆயரே வர வேண்டும். அதனால் முறை வைத்துத்தான் ஊர் ஊராக வருகிறார். மசூதியில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்துக்கு ஐந்து வேளையும் ஊரைவிட்டு நகர முடியாது. ரமலானில் குர்ஆனை மனப்பாடம் செய்த ஹாபிஸ், தராவீஹ் என்ற இரவுத் தொழுகையில் அதன் 30 ஜுஸ்வையும் (பாகத்தையும்) மாதம் முழுக்கப் பார்க்காமல் ஓத வேண்டும். பகலெல்லாம் நோன்போடு அன்றைய பாகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, பணம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நம் தொண்டை மண்டலத்துப் பக்கம் அணையாமல் எரிகிற ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடு, தினம் ஒரு உழக்கு நெய் என்பது வழக்கமான கணக்கு. சாகாத, மூப்படையாத ஆடு என்ற பொருளில் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். கிழடு செத்தாலும் குட்டிகள் பிறக்கும், எண்ணிக்கை குறையாது. நாம் போடுகிற வங்கி டெபாசிட் மூப்படையும், சாகும். ஒரு லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் மாதம் 500, நாளுக்குச் சுமார் 16 ரூபாய். அரை லிட்டர் பால் பாக்கெட்டே வராது. வருமானம் இல்லாத கோயில்களில் நாளுக்கு ஒரு வேளைப் பூசையாவது நடப்பதற்கான ஒரு கால பூசைத் திட்டத்தில் அரசு வைப்புநிதியை 2021இல் இரண்டு லட்சமாக்கி, அர்ச்சகருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையும் தொடங்கியது. அதுவும் வண்டி பெட்ரோலுக்குச் சரி.

ஆகவே என் யோசனை. மேளத்தையும் கிரானைட்டையும் விடுங்கள்; கிரானைட் ஈரத்தில் வழுக்கும், முதலில் விழப்போவது அவர். கிணற்றிலிருந்து கருவறைக்கு முன்னால் இருக்கும் அர்த்தமண்டபத்தின் வாசல் வரை குழாய் இழுத்து அங்கே ஒரு தொட்டி. மாதம் ஒரு டின் செக்கு நல்லெண்ணெய், பணமாக இல்லாமல் பொருளாக. தீட்டு நாட்களுக்குப் பக்கத்து ஊர்க் குருக்களிடம் இப்போதே பேசி, நாள் கூலியும் வழிச்செலவும் முடிவு செய்துவிட வேண்டும். வைப்புநிதி வட்டியில் கால் பங்கை வருடாவருடம் எடுக்காமல் முதலோடு சேர்க்க வேண்டும், ஆட்டுக்குட்டி மாதிரி.

சம்மதம் உள்ளவர்கள் குழுவிலேயே பதில் போடுங்கள். குழாய்க்கு அளவெடுக்க ஆள் அனுப்புமுன் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த இடத்தில் குடத்தை இறக்கி வைக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.