வேலை நாள் ராத்திரி, பன்றிக்கறி, கருகிய கிளேஸ்: உங்கள் கதை என்ன?

வேலை முடிந்து வந்து பையைக் கீழே வைக்கும்போது மணி ஏழே முக்கால். வீட்டில் எல்லோருக்கும் பசி. ஃபிரிட்ஜில் நாலு போர்க் சாப்ஸ் (கனமாக வெட்டிய பன்றிக்கறித் துண்டுகள்) இருந்தது. தேன், வினிகர், கடுகு பேஸ்ட், நசுக்கிய பூண்டு எல்லாவற்றையும் கிளேஸுக்காக (கறிமேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும் இனிப்புச் சாஸ்) கலந்து கறியில் தடவி அப்படியே சூடான வாணலியில் போட்டேன், நேரம் மிச்சமாகும் என்ற நினைப்பில். இரண்டாவது நிமிடமே புகை. வெளியே தார் மாதிரி கறுப்பு, வெட்டிப் பார்த்தால் நடுவில் பச்சை. கறி வேகும்வரை தேன் பொறுத்திருக்காது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம்.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். கறியை டிஷ்யூவால் நன்றாக ஒற்றியெடுத்து உப்பும் மிளகும் மட்டும் போடுகிறேன் (ஈரம் இருந்தால் சிவக்காது, வெளுத்துப்போய்த்தான் வேகும்). இரண்டரை சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் நாலு நிமிடம். கறியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் பூண்டு, மூன்று ஸ்பூன் வினிகர், இரண்டு ஸ்பூன் தேன், ஒரு ஸ்பூன் கடுகு பேஸ்ட். அடியில் பிடித்திருக்கும் பழுப்பைச் சுரண்டிவிடுங்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. முதலில் தண்ணீராக ஓடும், அப்புறம் குமிழ்கள் பெரிதாகி மெதுவாக உடையும், கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அது சட்டென்று மூடாமல் ஒரு நொடி நிற்கும். அந்த நேரத்தில் கறியைத் திரும்பப் போட்டு ஒரு நிமிடம் புரட்டினால் போதும்.

வேறு யாருக்கெல்லாம் கருகியது?

*

எனக்குக் கருகவில்லை, மூச்சு முட்டியது! கொதிக்கிற வாணலியில் வினிகரை ஊற்றிவிட்டு முகத்தைக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தேன். இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். வினிகர் ஊற்றும்போது அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நில்லுங்கள். இன்னொன்று, நான் செய்தது பழக்கிய இரும்பு வாணலியில். புளிப்பை அதில் வைத்து வற்றவிட்டதில் கிளேஸில் லேசாக இரும்பு வாடை, வாணலியின் பளபளப்பும் போச்சு. இப்போது இதற்கென்றே எவர்சில்வர் வாணலி.

*

என் பிரச்சினை வேறு. பன்றிக்கறி என்றாலே நன்றாக வேக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அதனால் பல வருடம் செருப்புத் தோல்தான் சாப்பிட்டேன். ஒருநாள் ஆத்திரத்தில் தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். முழுத் துண்டுக்கு உள்ளே 63 டிகிரி செல்சியஸ், அப்புறம் மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும். முன்பு 71 என்று சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே 2011ல் இப்படி மாற்றியது. கொத்துக்கறிக்கு மட்டும் இன்னமும் 71தான். முதல் தடவை வெட்டியபோது நடுவில் லேசான இளஞ்சிவப்பு, வீட்டில் ஒருத்தரும் தொடவில்லை. நான் மட்டும் ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மறுநாள் நலமாக எழுந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் தட்டை நீட்டினார்கள்.

*

தெர்மாமீட்டர்காரர் சொல்வது சரி. கிளேஸில் புரட்டும்போதும் சூடு ஏறும், அதனால் நான் 60லேயே தட்டுக்கு எடுத்துவிட்டு, புரட்டி முடித்ததும் திரும்பக் குத்திப் பார்ப்பேன். தட்டில் கறி விட்ட சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், கிளேஸிலேயே ஊற்றி இன்னும் அரை நிமிடம் வற்றவிடுங்கள். ஒருமுறை நான் அதை ஊற்றிவிட்டு வற்றவிட மறந்துபோய், கிளேஸ் ரசமாகிவிட்டது. பிள்ளைகள் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரமும் அதே மாதிரி தண்ணியாக வேண்டும் என்கிறார்கள்.