சிமெண்ட் தரை, உள்ளரங்கு இரண்டுக்கும் தாங்குகிற கூடைப்பந்து எது? டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

பாபநாசம் பக்கம், உடற்கல்வி ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் மாணவர்களுக்கு ஒன்று, மாணவிகளுக்கு ஒன்று என்று இரண்டு கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. ஆடுகளம் திறந்தவெளி சிமெண்ட் தளம். சம்பா அறுவடை நேரத்தில் ஊர்க்காரர்கள் அதில் நெல் காயப் போடுவார்கள். நாங்கள் தடுப்பதில்லை. மழை முந்திக்கொண்டால் அவர்களுடைய வருஷத்து உழைப்பு போய்விடும். நெல்லை அள்ளிய பிறகு தரையில் சுணையும் மண்ணும் படிந்து கிடக்கும். பெருக்கிவிட்டு அதன் மேல்தான் பயிற்சி. ஆனால் முக்கியமான போட்டிகள் பல உள்ளரங்கில் நடக்கின்றன.

போன கல்வியாண்டில் ஒரு நன்கொடையாளர் விலை உயர்ந்த செயற்கைத் தோல் பந்துகள் வாங்கித் தந்தார். பிள்ளைகளுக்குக் கையை விட்டுக் கீழே வைக்க மனசில்லை. அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் மேலே இருந்த புள்ளிகள் எல்லாம் தேய்ந்து பந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. வியர்த்த கையில் நிற்கவே இல்லை. அதற்கு முன்பே இருந்த ரப்பர் பந்துகள் இன்னும் ஓடுகின்றன. ஆனால் அதிலேயே பழகிய பிள்ளைகள் போட்டியில் வேறு பந்தைத் தொட்டதும் தடுமாறுகிறார்கள். இரண்டு இடத்துக்கும் தாங்குகிற பந்து உண்டா? விளம்பரத்தில் எழுதியிருப்பது எனக்கும் தெரியும். உங்கள் கையில் பந்து என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

கும்பகோணம், விளையாட்டுப் பொருள் கடை ஊழியர்

மேடம், இதே கேள்வியோடு கடைக்கு வருகிற ஆசிரியர்கள் நிறையப் பேர். நான் முதலில் கேட்பது, வாரத்தில் அதிக நேரம் எந்தத் தரையில் ஆடுகிறீர்கள் என்றுதான். சிமெண்ட் என்றால் பாதிப் பதில் அங்கேயே வந்துவிடும்.

வீணாய்ப்போன பந்துகளை அறுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். உள்ளே காற்று நிற்கிற பிளாடர் இருக்கும். நல்ல பந்தில் அது பியூட்டைல் ரப்பர், காற்றைச் சீக்கிரம் விடாது. அதன் மேல் நைலான் நூல் சுற்றியிருப்பார்கள். அதன் மேல் ஒரு ரப்பர் ஓடு. கடைசியாகத்தான் நாம் கையால் தொடும் மேல்தோல். வாங்க வருகிறவர்கள் மேல்தோலை மட்டும் தடவிப் பார்க்கிறார்கள். பந்து உருண்டையாக நிற்பது உள்ளே இருக்கும் நூலால். நூல் நெருக்கமாக, சீராகச் சுற்றியிருந்தால் மேல்தோல் தேய்ந்த பிறகும் பந்து நேராக எழும்பும். சுற்று குறைவாக இருந்தால் ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். அப்படி வயிறு தள்ளிய பந்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

நூல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சோதித்துப் பார்க்கலாம். கடையிலேயே காற்றடிக்கச் சொல்லுங்கள், காற்றில்லாமல் மடிந்து கிடக்கும் பந்தை அப்படியே வாங்கிப் போகாதீர்கள். இரண்டு கையாலும் பின்சுழல் கொடுத்துத் தலைக்கு மேல் போடுங்கள். கறுப்புக் கோடுகள் ஆடாமல் சுழல வேண்டும். தள்ளாடினால் உருவம் சரியில்லை என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கோடுகளின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தோல் துண்டின் விளிம்பு எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கேதான் முதலில் உரியும். கோட்டுப் பள்ளம் ஆழமாக இருப்பது வெளியில் ஆடுகிறவர்களுக்கு நல்லது. புள்ளிகள் தேய்ந்தாலும் விரல் பிடிக்க அந்தப் பள்ளம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. பந்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் சும்மா விடுங்கள். எழும்பும்போது பந்தின் மேல்பகுதி 1.2 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்குள் வர வேண்டும். காற்று சரியாக அடித்தும் அந்த அளவுக்கு வராத பந்தை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

நாகப்பட்டினம், கல்லூரி மாணவர்

டீச்சர், என் ஓட்டு ரப்பருக்குத்தான். கஜா புயலில், 2018 நவம்பரில், நாங்கள் ஆடிக்கொண்டிருந்த கொட்டகையின் தகரம் எல்லாம் பறந்துவிட்டது. அதன் பிறகு எங்களுக்குத் திறந்தவெளிதான். கடற்கரைக் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து தளத்தில் போடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மணல் இருந்தாலே போதும், ஒவ்வொரு டிரிபிளிலும் பந்து உப்புத்தாளில் தேய்கிற மாதிரிதான். செயற்கைத் தோல் பந்து எங்கள் தளத்தில் ஒரு சீசன் தாண்டியதில்லை. ரப்பர் பந்து நிற்கிறது. உள்ளூரில் எளிதாகக் கிடைக்கும் நிவியா, காஸ்கோ மாதிரியான இந்தியப் பந்துகளில் ரப்பர் வகை சில நூறு ரூபாயில் வந்துவிடுகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளிலும் ரப்பர் வகை உண்டு. எங்கள் அணியில் ஓர் அண்ணன் மோல்டன் ரப்பர் பந்து ஒன்று வைத்திருக்கிறார். விலை கூட, ஆனால் கையில் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ரப்பரில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எழும்பல் கொஞ்சம் துள்ளலாக இருக்கும், ரிங்கில் பட்டால் தூரமாகத் தெறிக்கும். பாதி ரீபவுண்டுகள் அதனால்தான் கைக்கு வராமல் போகின்றன. ஆனால் மழை, தூசி, சேறு எதையும் அது கண்டுகொள்ளாது. ஆடி முடித்ததும் குழாயடியில் கழுவித் துடைத்துவிடலாம்.

திருச்சி, முன்னாள் பல்கலைக்கழக அணி வீரர்

தம்பி சொல்வது வெளித் தரைக்குச் சரி. ஆனால் ரப்பரிலேயே வளர்ந்த கைக்கு ஷூட்டிங் நுணுக்கம் வருவது சிரமம், இதை நான் உறுதியாகச் சொல்வேன். எங்கள் காலத்தில் போட்டிக்கு அசல் தோல் பந்து. புதிதாக எடுக்கும்போது வழுக்கும். மரத்தளத்தில் நாள்தோறும் ஆட ஆடக் கையெண்ணெயும் வியர்வையும் ஏறி ஒரு பதத்துக்கு வரும், அப்புறம் விரல் நுனி சொன்னதைக் கேட்கும். அந்தப் பந்தைச் சிமெண்டில் தட்டக்கூட எங்கள் பயிற்சியாளர் விட்டதில்லை. ஈரம் பட்டால் கனத்துவிடும், வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். டெல்டா மாதிரி ஐப்பசி கார்த்திகை முழுக்க ஈரமாக இருக்கிற ஊருக்கு அது ஆகாது.

பந்தின் மேல்தோல் வீரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2006இல் தோல் பந்தை விட்டுவிட்டுச் செயற்கைப் பந்துக்கு மாறியது. விரல் நுனி வெட்டுப்படுகிறது, ஈரமானால் வழுக்குகிறது என்று வீரர்கள் சண்டை பிடித்தார்கள். சீசன் நடுவிலேயே, 2007 ஜனவரி 1 முதல், பழைய தோல் பந்தே திரும்ப வந்தது. அதற்குப் பிறகு செயற்கைத் தோல் எவ்வளவோ முன்னேறிவிட்டது. இன்றைக்கு நல்ல மைக்ரோஃபைபர் பந்து எடுத்த அன்றே பிடி கொடுக்கிறது, தோலைப் போல மாதக்கணக்கில் பழக்க வேண்டியதில்லை. உள்ளரங்குக்கு அதை வாங்குங்கள் டீச்சர், தோலைத் தேடிப் போக வேண்டாம்.

மன்னார்குடி அருகே, ஒரு மாணவியின் அப்பா

தாங்குவது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மகள் ஆறாம் வகுப்பில் அண்ணனுடைய 7ஆம் எண் பந்தை வைத்துப் பழகினாள். ரிங் வரைக்கும் எட்டாமல் இடுப்பிலிருந்து தூக்கி எறியும் பழக்கம் வந்துவிட்டது. அவளுடைய கோச் அதை மாற்றப் பெரும்பாடு பட்டார். ஆண்களுக்கு 7ஆம் எண், சுற்றளவு சுமார் 76 சென்டிமீட்டர், எடை 600 கிராம் அளவில். பெண்களுக்கு 6, சுமார் 72 சென்டிமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு 5. அணிக்கு மூவர் ஆடும் 3x3 ஆட்டத்துக்குத் தனிப் பந்து. சுற்றளவு 6ஆம் எண்ணுக்கு உள்ளது, எடை 7ஆம் எண்ணுக்கு உள்ளது. மொத்தமாக வாங்கும்போது மலிவு என்று எல்லாவற்றையும் 7ஆக வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று முள். எங்கள் தெருத் தளத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரை முழுக்கச் சீமைக்கருவேலம். பந்து அந்தப் பக்கம் உருண்டால் பிள்ளைகள் அலறுவார்கள். கால்பந்து என்றால் தையலைப் பிரித்து பிளாடரை மாற்றித் தர ஆள் உண்டு. கூடைப்பந்தில் அடுக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அப்படிப் பிரிக்க வராது. நாங்கள் ஊர்ப் பையன்களைச் சேர்த்துக் கரையை வெட்டிச் சுத்தம் செய்து, எல்லையில் மீன் வலை கட்டினோம். எவ்வளவு விலை கொடுத்துப் பந்து வாங்கினாலும் அந்த வேலை இல்லாமல் பயனில்லை.

திருவாரூர், இயற்பியல் ஆசிரியர்

பந்தின் ஆயுளைக் குறைப்பதில் தரைக்கு அடுத்தது வெயில். வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. காலையில் 30 டிகிரியில் 8 அடித்து வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே பந்து சித்திரை வெயிலில் சிமெண்ட் மேல் கிடந்து உள்காற்று 55 டிகிரிக்குப் போனால் அழுத்தம் கிட்டத்தட்ட 10 ஆகிவிடும். வரம்பைத் தாண்டிவிட்டது. நூல் சுற்று இழுபட்டு, ஒட்டிய இடங்கள் விட்டுக்கொடுக்கும். கடைக்காரத் தம்பி சொன்ன புடைப்பு பல நேரம் இப்படித்தான் வருகிறது. எங்கள் பள்ளியில் இடைவேளையில் பந்துகளை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விடுவோம். காரின் பின்பெட்டியில் போட்டு வைப்பது அதைவிட மோசம்.

காற்று குறைவாக வைத்து ஆடுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு அடிக்கும் பந்து அதிகமாக நசுங்கி நிமிர்கிறது, மேல்தோல் தரையோடு அதிகமாக உரசுகிறது. விளையாட்டு அறையில் ஒரு சின்ன பிரஷர் கேஜ் வாங்கி வையுங்கள்.

மயிலாடுதுறை, மாநில அளவில் ஆடியவர்

மேடம், நான் சொல்வது கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பந்து என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். "இன்டோர், அவுட்டோர்" என்று பெட்டியில் அச்சிட்ட செயற்கைத் தோல் பந்து வீட்டில் ஒரே ஒரு பந்து வைத்திருப்பவருக்கு. அணிக்கு அது வேண்டாம். உள்ளரங்குக்கென்றே செய்யும் மேல்தோல் மென்மையானது, சிமெண்ட் அதைத் தின்றுவிடும். சிமெண்டுக்குத் தாங்குகிற மேல்தோல் கடினமானது. இரண்டு குணத்தையும் ஒரே தோலில் கேட்டால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும். இந்தப் பணத்தைப் பிரித்து, பெரும்பங்குக்கு நல்ல ரப்பர் பந்துகளும் மீதிக்கு உள்ளரங்குச் செயற்கைத் தோல் பந்து இரண்டும் வாங்குங்கள். டிரிபிள், பாஸ், ஓட்டப் பயிற்சி எல்லாம் ரப்பரில் நடக்கட்டும்.

பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு வலித்தது. நானும் சிமெண்டில் வளர்ந்தவள். எங்கள் கோச் செய்தது இதுதான்: ஃப்ரீ த்ரோ, நின்ற இடத்திலிருந்து ஷூட்டிங் இரண்டுக்கும் மட்டும் போட்டிப் பந்தை எடுப்பார். ரிங்குக்குக் கீழே பழைய கோரைப்பாயை விரித்து, ஒருவர் நின்று பந்து தரையில் படும் முன் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். பந்து சிமெண்டைத் தொடுவது அபூர்வம். விரலுக்குப் போட்டிப் பந்து பழகிவிடும், தேய்மானமும் இல்லை. போட்டி நெருங்கும் வாரங்களில் இதை நாள்தோறும் செய்வோம். எந்தப் போட்டிக்குப் போனாலும் என்ன பந்து என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூடைப்பந்தின் உலக அமைப்பான ஃபிபாவின் பெரிய போட்டிகளில் மோல்டன் பந்து. என்பிஏ 2021இல் ஸ்பால்டிங்கிலிருந்து வில்சனுக்கு மாறியது. கம்பெனிக்குக் கம்பெனி புள்ளியின் அமைப்பு, கோட்டின் ஆழம் மாறும். நம்மூர்ப் போட்டிகளில் ஏற்பாடு செய்கிறவர்கள் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மார்க்கர் பேனாவால் வால்வுக்குப் பக்கத்தில் "உ", "வெ" என்று எழுதிவையுங்கள். உள், வெளி. இரண்டையும் ஒரே வலைப்பையில் போடாதீர்கள். ரப்பர் பந்தில் ஒட்டிய மணல் மற்றதைப் பையிலேயே தேய்த்துவிடும். அடைமழைக் காலத்தில் செயற்கைத் தோலை ஈரத்தோடு பூட்டிவைத்தால் பசை விட்டு உரியும். துணியால் துடைத்து, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

பாபநாசம் பக்கம், உடற்கல்வி ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாய் யோசனையை நாளைக்கே ஆரம்பிக்கிறோம். தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். மாணவர்களுக்கு 7, மாணவிகளுக்கு 6 ஆம் எண்ணில் ரப்பர் பந்துகள், ஒவ்வொரு அணிக்கும் ஒரு செயற்கைத் தோல் பந்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கும்பகோணம் தம்பி, ஒரு சந்தேகம். எங்கள் ரப்பர் பந்துகளில் சிலவற்றில் ராத்திரிக்கு ராத்திரி காற்று இறங்குகிறது. முள் குத்தின தடம் எதுவும் தெரியவில்லை. வால்வாக இருக்குமா?

கும்பகோணம், விளையாட்டுப் பொருள் கடை ஊழியர்

பெரும்பாலும் வால்வுதான் மேடம். பந்தை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். வால்வில் மட்டும் குமிழி வந்தால் கவலையில்லை. மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி, காற்றடிக்கிற நீடிலை அதில் நனைத்து மெதுவாகச் சொருகி எடுங்கள். உள்ளே காய்ந்திருக்கும் ரப்பர் இளகி வாயை மூடிக்கொள்ளும். சமையல் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், அவை ரப்பரைக் கெடுத்துவிடும். வளைந்த நீடிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வால்வு கிழிவதற்கு அதுதான் முதல் காரணம். காற்றடிக்கும்போது பம்பைப் பிடிக்கிற பையன் பந்தை ஆட்டாமல் இருக்கட்டும். குமிழி வேறு இடத்தில் வந்தால் அந்த இடத்தில் மார்க்கரால் வட்டம் போட்டு எடுத்து வாருங்கள், பார்க்கிறேன்.