பொலிரோ பிக்கப் மேட்டில் இழுக்கவில்லை: இன்ஜின் டியூனிங்குக்கு யாரிடம் போவது?

பாலக்கோடு_லோடு கேட்டது:

வணக்கம். என் வண்டி 2018 மாடல் பொலிரோ பிக்கப், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது, 2523 சிசி காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) இன்ஜின். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி ராயக்கோட்டை வழியாக ஓசூர், சில நாள் பெங்களூரு வரை போவேன். மாங்காய் சீசனில் சந்தூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு ஓட்டம். சேலம் போனால் திரும்பும்போது தொப்பூர் மேடு ஏறியாக வேண்டும்.

அந்த மேடுதான் பிரச்சினை. லோடோடு ஏறும்போது மூன்றாவது கியரில் 30-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. முன்பு இதே லோடுக்கு நன்றாகவே ஏறும். ஓசூர் போவதற்குள் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்தே தாண்டிப் போகின்றன. சந்தைக்கு அரை மணி நேரம் தாமதமானால் விலையே வேறு.

மூன்று வழி சொல்கிறார்கள். இணையத்தில் 4,500 ரூபாய்க்கு ஒரு டியூனிங் பாக்ஸ், நாமே மாட்டிக்கொள்ளலாமாம். இன்னொருவர் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரத்தில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளை மாற்றி எழுதுவது) செய்து தருகிறேன் என்கிறார், 12,000. பெங்களூரில் டைனோ (வண்டியின் திறனை அளக்கும் மெஷின்) வைத்திருக்கும் ஒரு கடையில் 28,000 கேட்கிறார்கள். எதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது? இந்த வண்டியை நம்பித்தான் குடும்பம். இன்ஜினில் கை வைத்துவிட்டு அப்புறம் வருத்தப்பட முடியாது.

ஓசூர்_விகிராஸ் எழுதியது:

நான் இசுசு வி-கிராஸ் 1.9 வைத்திருக்கிறேன். கம்பெனி கணக்கிலேயே 163 பிஎஸ் திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). வாரன்டி முடிந்த பிறகு பெங்களூரில் டைனோ உள்ள இடத்தில் ரீமேப் செய்தேன். சூளகிரி மேட்டில் லாரிகளைத் தாண்டுவது ரொம்ப எளிதாகிவிட்டது. ஆனால் என்னுடையது சொந்த உபயோக வண்டி, பின்னால் பெரும்பாலும் காலி. உங்களைப் போல தினமும் முழு லோடு என்றால் கணக்கே வேறாக இருக்கும். பணம் கூட ஆனாலும் டைனோ உள்ள இடத்துக்கே போங்கள் என்பதுதான் என் கருத்து.

தர்மபுரி_பம்ப்கடை எழுதியது:

தம்பி, டீசல் பம்பும் இன்ஜெக்டரும்தான் என் தொழில். நீங்கள் எழுதியதில் நான் நின்று படித்தது 'முன்பு நன்றாகவே ஏறும்' என்ற வரியை. கம்பெனி இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த மேப் நாளாக ஆகத் தேய்ந்து போகாது. இழுவை குறைந்திருக்கிறது என்றால் வண்டியில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 20 கிலோவாட் போதும். குதிரைத் திறனில் 27, 28. உங்கள் இன்ஜின் 60-க்கு மேல் தரக்கூடியது. கியர்பாக்ஸ், ஆக்சிலில் போகும் நஷ்டத்தைக் கழித்தாலும் மிச்சம் நிறைய இருக்க வேண்டும். அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் ரீமேப் போட்டால், ஏற்கனவே மூச்சு வாங்கும் இன்ஜினுக்குள் இன்னும் டீசலைக் கொட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

முதலில் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸைப் பாருங்கள். கிளாம்பு இறுகும் இடத்தில் ரப்பர் கிழிந்திருந்தால் சும்மா நிற்கும்போது எதுவும் தெரியாது. டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தாலோ, மேட்டில் 'உஸ்' என்ற சத்தத்தோடு கரும்புகை வந்தாலோ அதுவாகத்தான் இருக்கும். அடுத்து ஏர் ஃபில்டர். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை அது தாங்காது. டீசல் ஃபில்டர், கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட். நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு குப்பி மாட்டி, திரும்பி வரும் டீசலை அளப்போம். ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அது தேய்ந்துவிட்டது. ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச். லோடு இறக்கியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

இது எல்லாம் சரியாக இருந்து, அப்புறமும் இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்றால் ஆள் தேடலாம்.

அந்த 4,500 ரூபாய் பாக்ஸ் பெரும்பாலும் ரயில் பிரஷர் சென்சார் வயரில் நடுவே மாட்டுவது. உண்மையான அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி இசியுவை (இன்ஜின் கம்ப்யூட்டரை) ஏமாற்றும். இசியு 'அழுத்தம் போதவில்லை' என்று பம்பை இன்னும் முடுக்கும். இன்ஜெக்டர் வழியே கூடுதல் டீசல் இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்குகிறது என்பது இசியுவுக்கே தெரியாது, அதனால் புகைக்கும் சூட்டுக்கும் கம்பெனி வைத்த வரம்புகள் சரியாக வேலை செய்யாது. லோடு வண்டியில் இதை மாட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்க மெக்கானிக் கருவி மாட்டும் இடம்) செருகினால் மைலேஜ் கூடும் என்று சில நூறு ரூபாய்க்கு விற்பது இன்னொரு வகை. அப்படி விற்றதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே விளக்கை மினுக்கும் ஒரு சிப்தான் கிடைத்தது.

லேப்டாப் ஆளும் சரி, டைனோ கடையும் சரி, செய்வது ரீமேப். வித்தியாசம் ஆளிடம்தான் இருக்கிறது. முதல் கேள்வி, 'ஃபைலை எழுதுவது யார்?' பலர் இசியுவில் உள்ளதைப் படித்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள், அங்கிருந்து திருத்தி வந்ததை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் உங்கள் வண்டியில் ஏதாவது ஒத்துவராவிட்டால் திருத்தத் தெரிந்தவர் எதிரில் இருக்க மாட்டார். இரண்டாவது, பழைய ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்து கேட்கும்போது திரும்ப ஏற்றித் தருவாரா? மூன்றாவது, எழுதும்போது பேட்டரிக்கு வெளியிலிருந்து சப்ளை கொடுப்பாரா? பாதியில் வோல்டேஜ் விழுந்தால் இசியுவே செத்துப்போகலாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எவ்வளவு லோடு, எந்த மேடு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, புகை எந்த நிறம் என்று கேட்காமல் '30 குதிரைத்திறன் ஏற்றித் தருகிறேன்' என்று தொடங்குபவர் வேண்டாம். லோடு வண்டிக்கு உச்சத் திறனால் பெரிய பயனில்லை. 1,500 முதல் 2,300 ஆர்பிஎம் வரை டார்க் கொஞ்சம் கூடினால் ஒரு கியர் மாற்றாமல் மேட்டைப் பிடிக்கலாம். அந்த இடத்தில் 10, 15 சதவீதத்துக்கு மேல் கேட்காதீர்கள். காலி வண்டி முழுத் திறனில் ஓடுவது சில விநாடிகள்தான். நீங்கள் தொப்பூரில் நிமிடக்கணக்கில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி ஏறுவீர்கள், அப்போதுதான் சைலன்சர் பக்கச் சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் அளந்தால் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் நிற்கவிடக் கூடாது என்பது டீசல் வேலைக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியமே உருகுவது 660-இல். ஆயிலும் சுற்றியுள்ள தண்ணீரும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது.

கிருஷ்ணகிரி_நாலுவண்டி எழுதியது:

பம்ப்கடை அண்ணன் சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. அதையும் எடுத்துவிடுகிறேன் என்று எந்த டியூனராவது ஆசை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி (தகுதிச் சான்று). பிஎஸ்4 டீசலுக்குப் புகை வரம்பு 50 எச்எஸ்யூ (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), கரும்புகை விடும் டியூன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான்.

இன்னொன்று. இழுவை கூடிவிட்டது என்று லோடைக் கூட்டிவிடாதீர்கள். ஏறும் தொப்பூருக்கு இன்ஜின் உதவும், சேலம் போகும்போது இறங்கும் தொப்பூருக்கு அதே பழைய பிரேக்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கி அங்கே எத்தனை வண்டிகள் விபத்தில் போய்விட்டன என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

பாலக்கோடு_லோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, கரும்புகை வருவது உண்மைதான், அதுவும் மேட்டில் மட்டும். செக் லைட் எரியவில்லை. அதனால்தான் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வருகிறேன் என்றவரிடம் ஃபைலை யார் எழுதுவது என்று கேட்டேன், 'எல்லாம் நம்ம ஆள்தான்' என்றதோடு பேச்சை மாற்றிவிட்டார். பெங்களூர் கடைக்காரர் மட்டும் இன்ஜெக்டர் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். முதலில் ஹோஸைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். அந்தக் கடைக்குப் போவதாக இருந்தால் அங்கே என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

தர்மபுரி_பம்ப்கடை எழுதியது:

செக் லைட்டை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. காற்றுக் கசிவு சிறியதாக இருந்தால் இசியு அதைச் சமாளித்துக்கொண்டு ஓட்டும், லைட் எரியாது. ஹோஸை வெளியிலிருந்து மட்டும் பார்க்க வேண்டாம். கழற்றி, கையால் வளைத்து, உள் பக்கமும் பாருங்கள். மாற்றினால் கிளாம்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்ஜெக்டரைப் பற்றிக் கேட்டார் என்றால் அந்தக் கடைக்காரரிடம் பேசலாம். போகும்போது ரிட்டர்ன் டெஸ்ட் அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வேலை தொடங்குவதற்கு முன் டைனோவில் ஒரு ஓட்டம், முடித்த பிறகு அதே நாளில் இன்னொரு ஓட்டம், இரண்டு தாளையும் கேட்டு வாங்குங்கள். முன் ஓட்டத்திலேயே அளவு ரொம்பக் கீழே இருந்தால் டியூனிங் வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் அவராகவே அதைச் சொல்லிவிடுவார். இசியு கேட்ட டர்போ அழுத்தம், உண்மையில் கிடைத்த அழுத்தம், ரயில் அழுத்தம், தண்ணீர் சூடு, இவற்றை ஓட்டிப் பார்க்கும்போது லேப்டாப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் டர்போ பக்கம் கோளாறு. பழைய ஃபைலின் ஒரு நகலை உங்கள் பென் டிரைவிலும் கேட்டுப் பாருங்கள், தர மாட்டேன் என்றால் பில்லிலாவது 'பழையபடி திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்குங்கள். மைலேஜை ஃபுல் டேங்க் அடித்து அடித்து நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஹோஸ் சரியாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், லோடு இல்லாதபோது வண்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். ரிட்டர்ன் டெஸ்டை அன்றே முடித்துவிடலாம்.