சிங்கப்பூர் க்ரூஸ்: துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போகணும்?

திருச்சிக்காரன்:
டிசம்பர் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை மாலை 4.30க்கு மரீனா பே க்ரூஸ் சென்டரிலிருந்து கப்பல். பினாங்கு, புக்கெட் போய் வெள்ளிக்கிழமை திரும்புகிறது. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், ஐந்து வயதுப் பையன். ஆப்பில் ஏறும் நேரம் 12.30 – 1.00 எடுத்திருக்கிறோம். ஞாயிறு நள்ளிரவு சென்னையில் விமானம் ஏறினால் திங்கள் காலை 7 மணிக்கு சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம். ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சம். இது போதுமா, முந்தின நாளே போகணுமா? 10 மணிக்கே துறைமுகத்தில் போய் நின்றால் சீக்கிரம் ஏற்றுவார்களா?

கடலோடி:
4.30ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது கப்பல் கயிறு அவிழ்க்கிற நேரம். உங்களுக்கு முக்கியம் செக்-இன் மூடுகிற நேரம். கம்பெனியைப் பொறுத்து 60 முதல் 90 நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். டிக்கெட்டில் இருக்கும், பாருங்கள். 90 என்றே வைத்துக்கொண்டால் 3 மணி. அதற்கப்புறம் பயணிகள் பட்டியலை முடித்துவிடுவார்கள். கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே வழிநடத்தும் பைலட் வருகிற நேரம், கப்பல் நிற்கும் இடமான பெர்த்தைக் காலி செய்கிற நேரம் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. ஒரு குடும்பத்துக்காகக் கப்பல் நிற்காது.

திங்கள் காலை 7 மணி விமானம் காகிதத்தில் பார்த்தால் தாராளம். இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய எட்டரை, டாக்ஸியில் அரை மணி. ஆனால் நீங்கள் கிளம்புவது டிசம்பர் சென்னையிலிருந்து. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடினார்கள், மறுநாள் காலைதான் திறந்தார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தபோதும் மதியம் மூடியது அடுத்த நாள் அதிகாலை வரை. புயலே வேண்டாம், விமானம் எட்டு மணி நேரம் தாமதமானாலே நீங்கள் இறங்கும்போது 3 மணி, கவுண்டர் மூடியிருக்கும். அடுத்த விமானத்தில் ஐந்து சீட் சேர்ந்தாற்போல் கிடைப்பதும் கஷ்டம். பினாங்கில் போய் ஏறிக்கொள்ளலாம் என்றால் அதற்குக் கம்பெனி சம்மதிக்கணும், விமானச் செலவும் உங்கள் தலையில். அந்தக் காசில் ஹோட்டல் செலவு எந்த மூலைக்கு?

சனி இரவு கிளம்பி ஞாயிறு காலை இறங்குங்கள். நடுவில் முழுதாக ஒரு நாள் கையிருப்பு. பெரியவர்களும் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிட்டு ஏறலாம்.

10 மணிக்குப் போவதில் பயனில்லை. முந்தைய பயணத்துக்காரர்கள் இறங்கி, அறைகளைச் சுத்தம் செய்கிற நேரம் அது. உங்கள் நேரம் வரும்வரை வெளியில்தான் உட்கார வைப்பார்கள். 12.15க்கு வாசலில் இறங்கினால் போதும். ரொம்பத் தள்ளி 2 மணிக்குப் போனால் வரிசை இருக்காது, ஆனால் மதியச் சாப்பாடு அவசரத்தில் போகும். பாதுகாப்புப் பயிற்சியையும் கப்பல் கிளம்புவதற்குள் முடித்தாகணும்.

பஞ்சாரா:
இரண்டு இடத்தைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. விவோசிட்டி பக்கம் ஹார்பர்ஃப்ரண்டில் இருப்பது சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகுகள் கிளம்புவது அங்கே. உங்களுடையது 61, மரீனா கோஸ்டல் டிரைவ். எம்.ஆர்.டி. என்றால் சிவப்புப் பாதையின் கடைசி நிலையம், மரீனா சவுத் பியர். ஐந்து பேர், பெட்டிகளோடு ரயில் வேண்டாம். சாதா டாக்ஸியில் நாலு பேர்தான், ஆறு சீட்டர் சொல்லுங்கள். பையன் 1.35 மீட்டருக்குக் கீழே இருப்பான். கிராப் போன்ற தனியார் வண்டியில் அவனுக்குக் குழந்தைகளுக்கான பாதுகாப்பு சீட் சட்டப்படி கட்டாயம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு.

பெட்டியில் ஒட்டும் சீட்டை ஊரிலேயே பிரிண்ட் எடுத்து மாட்டிவிடுங்கள். வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர சாயங்காலம்கூட ஆகலாம். பாஸ்போர்ட், அப்பா அம்மா மாத்திரை, பையனுக்கு ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில். அயன் பாக்ஸ், கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எதுவும் வைக்காதீர்கள். ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியையே நிறுத்தி வைப்பார்கள், நீங்களே போய்த் திறந்து காட்டி மீட்கணும்.

திருச்சிக்காரன்:
நன்றி. சனி இரவுக்கே போட்டுவிடுகிறேன். விசா வந்துவிட்டது. வேறு ஏதாவது பேப்பர் வேணுமா?

நீலவானம்:
விசாவில் மல்டிபிள் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெள்ளிக்கிழமை கப்பலில் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. சிங்கிள் என்றால் சிக்கல் அங்கே வராது, ஏறும்போதே கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள்.

எஸ்.ஜி. அரைவல் கார்டும், அதாவது சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவமும், இரண்டு முறை நிரப்பணும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் ஏற்கும். ஞாயிறு இறங்குவதற்கு வெள்ளியிலிருந்து நிரப்பலாம். கப்பலில் வெள்ளி திரும்புவதற்குப் புதன் முதல்தான், அதாவது ஏறுவதற்கு முன் முடியாது. கடலில் வைஃபைக்குக் காசு, அதனால் புதனோ வியாழனோ கரையில் சிக்னல் கிடைக்கிற நாளில் ஐந்து பேருக்கும் முடித்துவிடுங்கள். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையான ஐ.சி.ஏ.வின் தளத்தில் இலவசம், பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுடையது இல்லை.

அம்மா அப்பாவுக்கு வீல்சேர் வேண்டுமென்றால் இப்போதே கம்பெனிக்குச் சொல்லி வையுங்கள்.

புக்கெட்டில் இறங்கும்முன் கப்பல் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்று அறையில் தரும் தாளிலோ ஆப்பிலோ பாருங்கள். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால், போன் தானாக மாறிக்கொள்ளும். கப்பலில் கடிகாரத்தை மாற்றாவிட்டால் போனைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஒரு மணி நேரம் தாமதம். அங்கே கப்பல் கடலிலேயே நின்று, டெண்டர் எனும் சிறு படகில் கரைக்குப் போகவேண்டியிருந்தால் கடைசிப் படகுக்குக் கூட்டம் நெரியும், பெரியவர்களோடு அதற்கு ஒரு மணி முன்னாலேயே திரும்பிவிடுங்கள்.