குரூமர் எதிரே வந்தால் எங்கே ஒதுங்குவது? ஒன்டாரியோ பனிப்பாதை அனுபவங்கள்

ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியை வாடகைக்கு எடுக்கும் இடத்தில் வேகம் கூட்டும் த்ராட்டில் எது, பிரேக் எது, எஞ்சினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச் எங்கே என்று காட்டித் தருவார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹாலிபர்ட்டன் காட்டுக்குள் இறங்கிய அரை மணி நேரத்தில், வளைவு திரும்பியதும் பனிப்பாதையைச் சீவி மட்டமாக்கும் டிராக்டரான குரூமர் வழியை அடைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்பது பெரும்பாலும் அந்தப் பேச்சில் வராது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கமிருந்து முதல்முறை வடக்கே போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த உரையாடலைத் தொடங்குகிறேன்.

ஒன்டாரியோவில் இருக்கும் சுமார் 30,000 கிலோமீட்டர் பாதையை, 1966-இல் உருவான ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கிளப்புகள் கூட்டமைப்பின் (OFSC) கீழ் வரும் உள்ளூர் கிளப்புகள் பராமரிக்கின்றன. பலகை நடுவது, காணிக்காரரிடம் அனுமதி கேட்பது, விழுந்த மரத்தை அறுப்பது எல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் வேலை. நாம் வாங்கும் பெர்மிட் பணத்தில்தான் குரூமருக்கு டீசல் ஊற்றுகிறார்கள். குரூமரைச் சந்திக்கும் இடங்கள் பலவிதம். உங்களுக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அங்கே என்ன செய்வது, ஏன் செய்வது என்பது போதும்.

*

நேருக்கு நேர் சந்திப்பில் இருந்து ஆரம்பிக்கலாம். முதலில் அகலக் கணக்கு. குரூமர் பின்னால் இழுத்து வரும் இரும்புச் சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 2.6 மீட்டர். உங்கள் ஸ்லெட்டின், அதாவது ஸ்னோமொபைலின், முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீக்களின் (சறுக்குப் பலகைகளின்) வெளிவிளிம்புக்கு இடையே ஏறத்தாழ 1.2 மீட்டர். காட்டுக்குள் பாதை 3.6 மீட்டர் என்றால் மீதி இருப்பது ஒரே ஒரு மீட்டர். அதாவது பாதைக்குள்ளேயே இருவரும் கடந்துபோக இடமே இல்லை. யாராவது ஒருவர் ஓரத்துப் பனியில் இறங்கத்தான் வேண்டும், அது டிராக்டராக இருக்க முடியாது.

அடுத்தது நேரக் கணக்கு. ஒன்டாரியோ பாதைகளில் சட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். குரூமர் 10-இல் வருகிறது. இரண்டும் சேர்ந்து 60, நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். வளைவில் 50 மீட்டர் தூரம்தான் தெரிகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நொடி. இரவில் மரங்களின் மேல் மஞ்சள் வெளிச்சம் சுழன்று அடிப்பது வளைவுக்கு முன்பே தெரியும். அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பகலில் அந்த முன்னறிவிப்பும் கிடைக்காது.

ஒதுங்கும் முறை: வலப்பக்க விளிம்புக்குப் போய் முழுதாக நில்லுங்கள். வலது ஸ்கீயை ஓரத்து மெதுபனியில் ஏற்றலாம், ஆனால் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான ட்ராக் முடிந்தவரை கெட்டியான பனியிலேயே இருக்கட்டும். முழு வண்டியையும் மெதுபனியில் இறக்கினால் 250 கிலோவை மறுபடி மேலே தூக்குவது உங்கள் பாடு. எஞ்சினை அணைக்க வேண்டாம், பல வண்டிகளில் எஞ்சின் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள்.

குழுவாக வந்தால் எல்லோரும் ஒரே பக்கம், ஒருவர் பின் ஒருவராக. இரண்டு பேர் வலமும் இரண்டு பேர் இடமுமாக நின்றால் குரூமர் ஊசியில் நூல் கோப்பது போல நடுவே வர வேண்டியிருக்கும்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குரூமர் எப்போதும் தன் வலப்பக்கத்திலேயே வரும் என்று நம்பக்கூடாது. உங்கள் பக்கத்தில் மேடுபள்ளம் அதிகம் இருந்தால், அதை வெட்ட உங்கள் பக்கமாகவே எதிரே வரும். ஏற்றத்தின் உச்சியில், உங்களுக்குத் தெரியாத மறுபுறத்தில், உங்கள் தடத்திலேயே நின்றுகொண்டும் இருக்கலாம். ஆகவே ஏற்றத்தின் தலைப்பில் த்ராட்டிலை விட்டுவிட வேண்டும்.

*

பின்னால் இருந்து நெருங்கும்போது நிலைமை வேறு. கேபினுக்குள் எஞ்சினும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து போடும் சத்தத்தில் உங்கள் ஸ்லெட் ஓட்டுபவருக்குக் கேட்காது. கண்ணாடியில் பார்த்தால் இழுவைச் சட்டம் கிளப்பும் பனித்தூசி. ஓட்டுபவரின் கவனமோ முன் பிளேடின் விளிம்பு எந்த வேரில், எந்தக் கல்லில் மாட்டப்போகிறது என்பதில். ஆகவே நீங்கள் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்தது 30 மீட்டர் பின்னால், அவருடைய இடக் கண்ணாடியில் தெரிகிற கோட்டில் இருங்கள். ஹெட்லைட்டை ஓரிரு முறை ஹை-லோ மாற்றலாம். பிறகு காத்திருங்கள். அகலமான இடம் வந்ததும் அவர் ஒதுங்கி நின்று கையசைப்பார். அந்த சைகைக்கு முன் கடக்கவே கூடாது. வளைவில் டிராக்டர் ஒரு வழியில் போக, பின்னால் வரும் சட்டம் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்க இடைவெளி அகலமாகத் தெரிவது அடுத்த சில நொடிக்கு மட்டும். அதில் நுழைந்த ஸ்லெட்டை மரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அது நெருக்கிவிடும்.

அவரை அவசரப்படுத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சட்டத்துக்குள் நிறையப் பனி உருண்டுகொண்டே இருக்கும். நடுவழியில் நிறுத்தினால் அந்தக் குவியல் அங்கேயே உட்கார்ந்துவிடும். மறுபடி கிளம்பும்போது பாதைக்குக் குறுக்கே ஒரு முதுகு மாதிரி நிற்கும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்த வைத்தால் இன்னும் மோசம், சுமையோடு மறுபடி கிளம்ப டிராக்டரின் ட்ராக் வழுக்கி இரண்டு குழி தோண்டும். நிறுத்த வேண்டிய இடத்தை ஓட்டுபவரே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

*

கடந்த பிறகு செய்வதைத்தான் பலர் தப்பாகச் செய்கிறார்கள். எதிரே வந்த குரூமர் போனதும், முன்னால் கோர்டுராய் துணி விரித்தது போல வழுவழுப்பான பாதை. கை தானாக த்ராட்டிலை அழுத்தும். அந்தப் பாதை இன்னும் இறுகவில்லை.

சட்டத்துக்குள் நடப்பது இதுதான். சாய்வான பல பிளேடுகள் மேடுகளைச் சீவுகின்றன. நன்றாகச் செய்தால் மேட்டின் தலையை மட்டுமல்ல, பள்ளத்தின் அடிவரை வெட்டும். வெட்டாமல் பள்ளத்தைத் தளர்பனியால் நிரப்பினால், நாலு வண்டி போனதும் பழைய மேடுபள்ளம் பழைய இடத்திலேயே எழும். சீவிய பனி உருண்டு, உடைந்து, உள்ளிருக்கும் காற்றை இழக்கிறது. கடைசியில் கனமான தட்டு அதை அழுத்தி மட்டமாக்குகிறது.

ஆனால் அழுத்தியதும் அது இறுகிவிடுவதில்லை. உடைந்த பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மெல்ல மெல்லப் பனி படிந்து கழுத்துப் போல ஒட்டு உருவாகிறது. அந்த ஒட்டு வளர நேரம் வேண்டும். குறைந்தது இரண்டு முதல் நான்கு மணி நேரம், ராத்திரி முழுக்கக் கிடைத்தால் உத்தமம். பனி ஈரமாக, உறைநிலையை ஒட்டி இருந்தால் குளிர் இறங்கும் வரை இறுகவே இறுகாது. குரூமர்கள் இரவில் ஓடுவதற்குக் காரணம் இதுதான்: வெப்பநிலை இறங்கும், போக்குவரத்தும் குறையும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டர் போக நாலு மணி, திரும்பி வர நாலு மணி. ஓர் இரவு முடிந்தது. அதன் பின்னாலேயே பத்து ஸ்லெட் த்ராட்டிலைத் திருகிக்கொண்டு போனால், அந்த எட்டு மணி நேர உழைப்பு காலை உணவுக்கு முன்பே குழியாகிவிடும். பார்க்கவே வயிறெரியும்.

குழி எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் கை தானாக அடங்கும். ஒருவர் திடீரென முடுக்குகிறார், ட்ராக் வழுக்கி ஒரு பிடி பனியைப் பின்னால் வீசுகிறது. அடுத்த வண்டியின் ஸ்கீ அந்தக் குழியில் இறங்கி ஏறுகிறது, பின்பாகம் துள்ளி விழுகிறது, விழுந்த இடத்தில் ட்ராக் மறுபடி தோண்டுகிறது. அங்கே இரண்டாவது குழி. அதற்கடுத்த வண்டிக்கு மூன்றாவது. வளைவில் இருந்து வெளியேறும் இடம், நிறுத்தப் பலகைக்கு முன்னும் பின்னும், ஏற்றத்தின் அடி: மேடுபள்ளம் எப்போதும் இந்த இடங்களில்தான் தொடங்கும். முடுக்குவதும் பிரேக் பிடிப்பதும் அங்கேதான்.

ஆகவே புதிதாகச் சீரமைத்த பாதையில் போயே ஆக வேண்டும் என்றால் ஒரே வரிசையில், வலது விளிம்பில், ஒரே சீரான வேகத்தில் போங்கள். ட்ராக் வழுக்காத அளவுக்கே த்ராட்டில். நேரம் இருந்தால் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புவது அதைவிட நல்லது.

*

பதில்: "வலது விளிம்பில்" என்பதில் ஒரு சிக்கல் உண்டு. போகும்போது ஒரு பாதி, திரும்பும்போது மறு பாதி என்று குரூமர் ஓட்டுவது வழக்கம். நீங்கள் நடுவில் வந்து சேர்ந்தால் உங்கள் வலப்பாதி பழைய மேடுபள்ளமாகவும், இடப்பாதி புத்தம் புதிதாகவும் இருக்கும். ஆசையில் இடப்பக்கம் ஏறி ஓட்டுகிறவர்கள் நிறைய. எதிரே வருகிறவருக்கு அது அவருடைய பக்கம், அதுவும் வழுவழுப்பான பக்கம், அவர் வேகமாகத்தான் வருவார். முதுகு வலித்தாலும் உங்கள் பாதியிலேயே இருங்கள்.

*

கை சைகை பற்றி. எதிரே வரும் வண்டிக்கு "என் பின்னால் இன்னும் மூன்று பேர்" என்று விரல் காட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்னோமொபைலில் வலது பெருவிரல் த்ராட்டில், இடது கை பிரேக். இரு வண்டிகள் மிக நெருங்கிக் கடக்கிற அந்தக் கணத்தில் பிரேக்கில் இருந்து கையை எடுத்து எண்ணிக்கை காட்டுவது எதற்கு? எண்ணிக்கையும் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும், நடுவில் ஒருவர் நின்றிருப்பார், வேறு குழுவினர் ஒருவர் கலந்திருப்பார். "மூன்று" முடிந்தது என்று நம்பி நடுப்பாதைக்கு வருகிறவர் நாலாவது ஆளிடம் மாட்டுவார்.

நிறுத்தும் சைகை மட்டும் அவசியம்: இடது கையை நேராகத் தலைக்கு மேல் தூக்குவது. முன்னால் போகிறவர் குரூமரைக் கண்டால் இதைக் காட்ட வேண்டும், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அதைத் தனக்குப் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டும். குழுவின் நடுவில் ஒருவர் கடத்தத் தவறினால், அவருக்குப் பின்னால் இருப்பவர் பனித்தூசிக்குள் இருந்து நேராக முன்வண்டியின் மேல் வந்து ஏறுவார். தூசி பறக்கும் நாளில் முன்வண்டியின் பின்விளக்கு தெரிகிற தூரம் எவ்வளவோ, அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

*

நின்றுபோன குரூமரைக் கண்டால்? ஹைட்ராலிக் குழாய் வெடித்திருக்கலாம், இணைப்பு முளை முறிந்திருக்கலாம், விளிம்பில் சரிந்து புதைந்திருக்கலாம். 20 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுபவரின் கண்ணில் படும் வரை காத்திருந்து, நடந்து போய்க் கேளுங்கள். டிராக்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே கால் வைக்கக்கூடாது, ஹைட்ராலிக் அழுத்தம் போனால் தூக்கி வைத்த சட்டம் சட்டென்று இறங்கும். ஸ்லெட்டால் கட்டி இழுத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள், அது டன் கணக்கில் எடையுள்ள இயந்திரம், கயிறு அறுந்து யார் மேலாவது அடிப்பதுதான் மிச்சம்.

உண்மையில் உதவுவது இரண்டு காரியம். ஒன்று, இரு திசையிலும் 100 மீட்டர் தள்ளி ஆளுக்கொரு ஸ்லெட்டை விளக்கு எரியவிட்டுப் பாதை ஓரமாக நிறுத்தி, வருகிறவர்களை மெதுவாக்குவது. இன்னொன்று, செய்தி கொண்டுபோவது. காட்டுக்குள் பல இடங்களில் அலைபேசிக்கு சிக்னல் இல்லை. பாதை எண், அருகில் உள்ள சந்திப்பின் பலகை எண், என்ன பழுது: மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

விழுந்த கிளைகளை அகற்றினால் பாதை அகலத்துக்கு வெளியே முழுதாகத் தள்ளுங்கள். ஓரத்தில் நுனி நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டால், அடுத்த பனிப்பொழிவில் அது மறைந்து, ராத்திரி வரும் பிளேடில் மாட்டிக் கிலோமீட்டர் கணக்கில் உழுதுகொண்டு போகும். சாய்ந்து கிடக்கும் குறிக்கம்பைக் கண்டால் நிமிர்த்தி நடுங்கள், பனி கொட்டும் இரவில் ஓட்டுபவர் அதை வைத்துத்தான் பாதையைக் கண்டுபிடிக்கிறார்.

*

ரோட்டுக் கடவையையும் காணிகளையும் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் சுருக்கமாச் சொல்லுறன். ரோட்டைக் கடக்கேக்க முழுசா நிப்பாட்டி, பிறகு மெதுவாக் கிளம்புங்கோ. ரோட்டுக் கரையில பனி எப்பவும் குறைவு, குரூமர்க்காரர் வேற இடத்தில இருந்து பனியைத் தள்ளிக்கொண்டு வந்துதான் அந்தச் சரிவைக் கட்டி வச்சிருப்பினம். ஒருத்தர் முழு த்ராட்டிலில கிளம்பினா அது மண் தெரியுற மட்டும் போயிடும்.

வயலுக்குள்ளால போற பாதையில குறிக்கம்புக்கு வெளியில ஒரு ஸ்கீ கூடப் போகப்படாது. கீழ இருக்கிறது குளிர்காலக் கோதுமையா இருக்கலாம். இறுகாத பனி பயிருக்குப் போர்வை மாதிரி, அதை அமத்தினா குளிர் வேருக்கு இறங்கிப் பயிர் செத்துப்போகும். காணிக்காரர் அனுமதியைத் திரும்ப எடுத்தா அந்த ஒரு துண்டு மட்டும் இல்ல, ரெண்டு ஊருக்கு இடையிலான இணைப்பே அறுந்துபோகும். வீடுகளுக்குக் கிட்டவா சத்தமான சைலன்சரோட ராத்திரி போறதும் இதே வேலையைத்தான் செய்யும்.

கிளம்ப முதல் கூட்டமைப்பின்ர இணைய வரைபடத்தைப் பாருங்கோ. பச்சை எண்டா திறந்திருக்கு, மஞ்சள் எண்டா குறைபாட்டோட திறந்திருக்கு, சிவப்பு எண்டா போகவே ஏலாது. மஞ்சளா இருக்கிற பாதையில குரூமர் இன்னும் ஒருக்காலும் ஓடாமலும் இருக்கலாம், அப்ப கல்லும் தண்ணியும் மேலால தெரியும். சிவப்பில கம்பி கட்டின கேட் பூட்டிக் கிடக்கலாம், இருட்டில அது ஹெட்லைட்டுக்கு வடிவாத் தெரியாது.